ஒருத்திக்கு மட்டும் ஒரு டம்மி

நாற்பத்தேழு வயதில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்கிறவனை ஊரில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். பாவம் என்று சிலர். பாவம், அவன் பெண்டாட்டி என்று மற்றவர்கள். நான் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் வாத்தியார். பிஎச்.டி. இல்லாதவர்கள் இனி இங்கே எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என எங்கள் முதல்வர் ஒரு கூட்டத்தில் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். மறுவாரமே பகுதிநேர ஆய்வாளனாகப் பதிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்கள் எல்லாமே பயத்தில் செய்தவைதான். கல்யாணம் உட்பட.

தலைப்பைத் தேடி அலையவில்லை, வீட்டிலேயே இருந்தது. என் மனைவி பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் கேர்ள். நாற்பத்து நான்கு வயதிலும் அங்கே கேர்ள்தான். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஆந்திராவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் கல்யாண கோஷ்டிகளுக்காகவே கொஞ்சம் தெலுங்கு கற்று வைத்திருந்தாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. ஸ்டூலின் மேல் புடவைக் கட்டுகள் உட்கார்ந்தன. இவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அதைத்தான் ஆய்வாக எடுத்துக்கொண்டேன். பட்டுக் கடைகளில் நின்று வேலை செய்யும் பெண்கள் வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு எடுக்கிறார்கள், எதைப் பொறுத்து அது கூடுகிறது, குறைகிறது என்பது கேள்வி. வயது, எத்தனை வருஷ சர்வீஸ், எத்தனை மணி நேரம் நிற்பது, ஸ்டூல் உண்டா, கால் வீக்கம் உண்டா, வேலைக்கு எப்படி வருகிறார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் தயார் செய்தேன்.

அச்சடித்த முதல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளிடம் போனேன். செவ்வாய்தான் அவளுக்கு வார லீவு. செவிலிமேட்டு வீட்டின் கூடத்தில், சுவரில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வயது?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா?"

"படிவத்துல கேட்டுத்தான் எழுதணும்மா. நான் இப்ப உன் புருஷன் இல்ல. ஆராய்ச்சியாளர்."

"அப்படின்னா வாசல்ல நின்னு கேளு. முன்னபின்ன தெரியாத ஆம்பளைய உள்ள வுட்டுட்டு எவளாவது படுத்துக்கினு பதில் சொல்லுவாளா?"

நிஜமாகவே எழுந்து போய் வாசற்படியில் நின்றுகொண்டேன். எங்கள் குடும்பத்தில் கோமாளித்தனம் என் இலாகா என்றாலும் அதற்கு உத்தரவு போடுகிறவள் அவள்தான்.

"வேலைக்கு எப்படி வர்றீங்க? நடையா, டவுன் பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா, சொந்த ஸ்கூட்டியா?"

"எங்க வூட்டுக்காரர் அவரு வண்டில கொணாந்து வுடுவாரு. பாதி வழியில வண்டி நின்னுடும். மீதி நடை. இத இன்னான்னு எழுதுவே வாத்தியாரே?"

படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் இருந்தன. பேனாவால் ஐந்தாவதாக ஒன்று வரைந்து, பக்கத்தில் 'கணவர் வண்டி' என்று எழுதி டிக் செய்தேன்.

"போன வருஷம் எத்தினி நாள் லீவு எடுத்தீங்க?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"உங்க அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணு. இன்னொண்ணு எதுக்குன்னு மறந்துட்டேன்."

"அவ்ளோதானா?"

"நீ மாசம் ரெண்டு போடற இல்ல? வூட்டுக்கு ஆவரேஜ் சரியா இருக்குது, எழுதிக்க."

"கால் வீக்கம் உண்டா, இல்லையா?"

"கடையில நிக்கறவ யாருக்கு இல்ல? உண்டுன்னு போடு. அமுக்குனா குழி வுழுது பாரு."

காலை மடக்கிக் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. வாசற்படியிலிருந்து பார்த்தேன். 'உண்டு' கட்டத்தில் டிக் செய்தேன். அடுத்த கேள்விக்குப் போனேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள். "இதையெல்லாம் இன்னா பண்ணுவே?"

"எல்லாரோடதையும் சேர்த்து கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பண்ணி புக்கா கொடுப்பேன்."

"என்னுதும் அதுல வருமா?"

"நீதான் படிவம் எண் ஒண்ணு."

"வரணும். கடைக்காரனுங்கதான் குறையக் கேட்டுப் பேரு எழுதிக்கினு போயி ஒண்ணும் பண்ண மாட்டானுங்க. நீயும் கேட்டுட்டுக் கிழிச்சிப் போட்டுடாத."

"வரும்மா," என்றேன். நான் கொடுத்த வாக்குகளில் பெரும்பாலானவை பல்பு மாற்றுவது, பரண் சுத்தம் செய்வது போன்றவை. அவை எல்லாம் அவள் கணக்கில் நிலுவையிலேயே நின்றன. அந்த வரிசையில் இதுவும் ஒன்று சேர்ந்தது.

மற்ற படிவங்களை நிரப்பவும் அவள்தான் உதவினாள். ஆம்பிளை போய்க் கால் வீக்கம் பற்றிக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் கடை, பக்கத்துக் கடைகள், அங்கே இங்கே என்று நின்றபடியே கேட்டு எழுதி வருவாள். கூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்கள், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே வருகிறவர்கள். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்று வந்தன. அத்தனை படிவங்களிலும் ஐந்தாவது கட்டம் வரைய வேண்டிய தேவையே வரவில்லை.

பத்து மாதம் கழித்து ஆவணியில், முகூர்த்த வியாபாரம் நெரிந்துகொண்டிருந்த ஒரு பகலில், அவள் ஸ்டூல் மேலிருந்த புடவைக் கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துத்தான் பயந்துபோனார்களாம். "அக்கா உக்காந்தே நாங்க பார்த்ததில்ல சார்," என்று பிறகு சொன்னார்கள். மூச்சு வாங்குகிறது என்றிருக்கிறாள். தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறார்கள். நான் கல்லூரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பிறகு, "கால் வீக்கம் எத்தனை நாளா இருந்திச்சு?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். பொய். எனக்குத் தேதியோடு தெரியும். படிவத்தின் மேல் மூலையில் என் கையெழுத்திலேயே இருந்தது.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் படிவங்கள் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. என் நெறியாளர் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் வயதில் பெரியவன் என்று அவர் என்னை சார் என்பார். அவர் நெறியாளர் என்று நான் அவரைச் சார் என்பேன். எங்கள் பேச்சில் பாதி நேரம் சாரிலேயே போய்விடும். அவர் துக்கம் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் ஒருநாள், "சார், காலக்கெடு வருது சார்," என்றார். பயம் மறுபடியும் என் காதைப் பிடித்துத் தூக்கியது. பெட்டியை இழுத்தேன். மேலே இருந்தது படிவம் எண் ஒன்று. அதை மட்டும் தட்டச்சு செய்ய ஒரு முழு நாள் ஆயிற்று. மற்றவை எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன.

ஆய்வு முடியுமா, பட்டம் கிடைக்குமா என்பதெல்லாம் இப்போது இரண்டாம் பட்சம். என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று. அவள் படிவம் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

புள்ளியியல் சாஃப்ட்வேருக்கு 'டவுன் பஸ்' என்று எழுதினால் புரியாது, எண்தான் வேண்டும் என்றார்கள். இதென்ன பிரமாதம் என்று நடைக்கு ஒன்று, பஸ்ஸுக்கு இரண்டு, ஷேர் ஆட்டோவுக்கு மூன்று, ஸ்கூட்டிக்கு நான்கு, கணவர் வண்டிக்கு ஐந்து என்று போட்டேன். ஐந்துதான் உயர்ந்த மதிப்பு என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. எது லீவைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பிரித்துச் சொல்லும் ரெக்ரஷன் கணக்கை ஓடவிட்டேன். அட்டவணை அட்டவணையாக வந்து விழுந்தது. பெருமையோடு எங்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் மிஸ்ஸிடம் காட்டினேன். என் வயதில் பாதி. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண்.

"சார், நடைக்கு ஒண்ணு, பஸ்ஸுக்கு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு நடை சேர்ந்தா ஒரு பஸ்ஸா சார்?"

யோசித்தேன்.

"ஒரு நடையும் ஒரு பஸ்ஸும் கூட்டினா ஷேர் ஆட்டோ வந்துடுமா?"

"நீ செவிலிமேட்டு பஸ்ல வந்து பாரும்மா. மூணும் ஒண்ணுதான்."

அவள் சிரித்தாலும் விடவில்லை. இவை அளவுகள் இல்லை, வகைகள். ஒன்றைவிட ஒன்று பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. ஆனால் நாம் ஒன்று, இரண்டு என்று கொடுத்தால் மெஷின் அதை நம்பிவிடும். அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஒரு பத்தி போட வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு நடைப் பத்தியில் ஒன்று, மற்றவர்களுக்கு அங்கே பூஜ்யம். பஸ்ஸுக்கும் அப்படியே. "இதுக்குப் பேருதான் டம்மி வேரியபிள் சார்," என்றாள். ஒரே கட்டளைதான் கொடுத்தாள், திரையில் ஐந்து பத்திகள் மளமளவென்று முளைத்தன.

அன்று அவள் வகுப்புக்குப் போன பிறகு ஐந்தாவது பத்தியை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியில் ஒரு ஒன்று. அதற்குக் கீழே கடைசி வரி வரைக்கும் பூஜ்யம்.

ஐந்து பத்திகளையும் போட்டு மறுபடி ஓடவிட்டேன். நான்கு வகைகளுக்கு விடை வந்தது. ஐந்தாவதற்கு எதிரே எண் இல்லை. 'நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது.

இன்னொரு முறை ஓடவிட்டேன். மெஷினை அணைத்து ஏற்றி ஓடவிட்டேன். நான்காவது முறை ஓடவிடுவதற்கு முன்பு ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டேன். அவர் ரெக்ரஷன் விவகாரங்களில் தலையிடுவதில்லை போலிருக்கிறது. வகுப்பறை வாசலில் போய் நின்று மிஸ்ஸை வெளியே கூப்பிட்டேன். பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"மெஷின் ஒரு ஆளைத் தூக்கிடுச்சும்மா!"

"யாரை சார்?"

"அஞ்சாவது பத்தியில இருந்த ஆளை."

வந்து பார்த்தவள் சாவகாசமாகச் சொன்னாள். "தூக்கல சார். நடையும் இல்ல, பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் இல்ல, ஸ்கூட்டியும் இல்லைன்னா அது அஞ்சாவதுதான்னு அதுக்கே தெரியும். எல்லாத்தையும் போட்டா கணக்கு ஓடாது, ஒண்ணை விட்டே ஆகணும். விட்ட வகைதான் அடிப்படை. மத்த எல்லாரையும் அந்த வகையோடதான் ஒப்பிட்டுப் பார்க்குது."

"எல்லாரையும் அவளோட ஒப்பிடுதா?" எனக்கு ஒரே சந்தோஷம். உயிரோடிருந்த காலத்தில் அவள் என்னிடம் கேட்டதும் இவ்வளவுதான், தன்னையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று.

ஆனால் அடிப்படையாக நிறையப் பேர் இருக்கிற வகையைத்தான் வைக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் அது டவுன் பஸ். மிஸ் அடிப்படையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடி ஓடவிட்டேன். கணவர் வண்டிக்கு எதிரே ஒரு எண் வந்து நின்றது. பெரிய எண். அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. அதாவது, பஸ்ஸில் வருகிறவர்களைவிடக் கணவர் வண்டியில் வருகிறவர்கள் எடுக்கும் லீவு வெகுவாகக் குறைவு.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினெட்டு வருஷம் அந்த வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். வண்டியைத் தவிர உருப்படியாக அவளுக்கு எதுவும் செய்யவில்லை என்றுதான் அந்த ஒன்றரை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ, மெஷின் வேறு மாதிரி சொல்கிறது. உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'கணவரால் பணியிடத்துக்கு அழைத்துச் செல்லப்படும் பெண் ஊழியர்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறைவாகவே விடுப்பு எடுக்கின்றனர். குடும்ப ஆதரவு அவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காக்கும் அரணாக விளங்குவதை இது தெளிவாகக் காட்டுகிறது.' அரண் என்ற சொல்லை நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை. எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. இயலை முடித்து நெறியாளருக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரம் முழுவதும் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவர் போன் செய்தார்.

"சார், கணவர் வண்டின்னு ஒரு கேட்டகிரி போட்டிருக்கீங்களே சார், அதுல எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர் சார்."



"ஒருத்தரை வெச்சிக்கிட்டு ஒன்றரைப் பக்கமா சார்?"

"குடும்ப ஆதரவு சார்..."

"சார், அரண்னு வேற எழுதியிருக்கீங்க." சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அந்த ஆளை எடுத்துடுங்க சார். ஒரு ஃபார்ம்தானே? ஒண்ணு குறைஞ்சா யாரும் கேக்கப் போறதில்ல."

அது யாருடைய படிவம் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார். இரக்கப்பட்டு வைத்துக்கொள்ளச் சொல்வார். அவளை அப்படி வைக்க எனக்கு மனம் வரவில்லை. "சரி சார்" என்றேன். பிறகு மூன்று நாள் அவர் போனை எடுக்கவில்லை. பாலாற்றுப் பக்கம் சிக்னல் கிடைப்பதில்லை என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக்கூடக் கேட்கவில்லை.

நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் கணினி அறையில் மிஸ்ஸைப் பிடித்தேன். இந்த ஒரு ஆளை எடுக்கச் சொல்கிறார், எடுக்காமலிருக்க உன் பாடத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

திரையைப் பார்த்தாள். "நீங்க எடுக்கவே வேணாம் சார். இப்பவே எடுத்த மாதிரிதான்."

"இன்னாது?"

"ஒரே ஒரு ஆளுக்குன்னு தனியா ஒரு டம்மி போட்டா, அந்த டம்மி அவங்க ஒருத்தரையே விழுங்கிடும். அவங்க எத்தனை நாள் லீவு எடுத்திருந்தாலும் சரி, அதை அப்படியே ஈடுகட்டிடும். மத்த எந்த எண்ணையும் அவங்களால அசைக்க முடியாது. இருங்க, காட்டறேன்." சொல்லிக்கொண்டே முதல் வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானைத் தட்டினாள்.

"அழிக்காதே!" என்று கத்திவிட்டேன். மவுஸைப் பிடுங்கினேன். அவள் சாப்பாட்டு டப்பா உருண்டு போய் விழுந்தது. தக்காளி சாதம் தரையெல்லாம். அறையின் மறுகோடியில் இரண்டு மாணவிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஐம்பது வயது வாத்தியார் மவுஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பதை அவர்கள் இன்றைக்கும் எங்கேயாவது நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

"காப்பி சார்," என்றாள் மெதுவாக. "இது காப்பி ஷீட். உங்க ஒரிஜினல் அப்படியே இருக்குது."

மவுஸைக் கொடுத்தேன். அவள் ஓடவிட்டாள். முன்பு வந்த விடையையும் இப்போது வந்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வயதுக்கு நேரே இருந்த எண், சர்வீஸுக்கு நேரே இருந்த எண், பஸ், ஆட்டோ, கால் வீக்கம் எல்லாவற்றையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசித் தசமம் வரைக்கும் ஒன்றுதான். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கல்யாணப் பந்தியில் ஒருத்திக்கு மட்டும் தனி அறையில் இலை போட்டு உபசரித்தது போல் செய்திருக்கிறேன். பந்தி அவள் இல்லாமலே நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கழித்தல் குறி என் வண்டியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. மற்ற பெண்களைப் பார்த்தால் இவள் எத்தனை நாள் எடுத்திருக்க வேண்டும், எத்தனை நாள்தான் எடுத்தாள், அந்த வித்தியாசத்தைத்தான் அது சொன்னது. நான் அதற்கு அரண் என்று பேர் வைத்தேன்.

"யார் சார் இது?" என்றாள் மிஸ்.

"எங்க வூட்டம்மா."

மிஸ்ஸும் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவள்தான். குனிந்து சாதத்தை ஒரு காகிதத்தில் அள்ளினாள். நானும் அள்ளினேன். நிமிர்ந்தபோது மறுபடி புள்ளியியல் மிஸ்ஸாகியிருந்தாள். அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

"அவங்க டூ வீலர்லதானே சார் வந்தாங்க?"

"பின்னாடி உக்காந்து."

"முன்னாடி உக்காந்தா இன்னா, பின்னாடி உக்காந்தா இன்னா சார்? பஸ்ஸுக்கு நிக்க வேணாம், நடக்க வேணாம். ஸ்கூட்டின்ற வகையை டூ வீலர்னு மாத்திடலாம். அவங்க அந்தக் கூட்டத்துல சேர்ந்துடுவாங்க. அப்ப கணக்குல இருப்பாங்க."

"கணவர் வண்டி?"

"அது இருக்காது சார்."

அவளை உள்ளே வைக்க வேண்டுமானால் நான் வெளியே போக வேண்டும். பேனாவால் நான் வரைந்த ஐந்தாவது கட்டமும் ஒன்றரைப் பக்கமும் பதினெட்டு வருஷமும் போக வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று மணி அடித்து, மிஸ் அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போக வேண்டிய புத்தகங்களை அடுக்கி முடிக்கும்வரை யோசித்தேன்.

"மாத்தும்மா," என்றேன்.

இந்த முறை எண்கள் அசைந்தன. பெரிதாக இல்லை. மூன்றாவது தசமத்தில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. சர்வீஸுக்கு நேரே இருந்தது துளி இறங்கியது. டூ வீலர் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது. அவள் கூட்டத்துக்குள் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறார்கள்.

பிறகு மிஸ் ஒரு படம் வரைந்து காட்டினாள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. கணக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகம் லீவு எடுத்தவர்கள் கோட்டுக்கு மேலே, குறைவாக எடுத்தவர்கள் கீழே. எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்திலேயே மொய்த்திருந்தார்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் வெகு கீழே. அதன்மேல் அம்புக்குறியை வைத்ததும் எண் ஒன்று என்று காட்டியது. அந்த வயதில், அத்தனை வருஷ சர்வீஸில், அத்தனை மணி நேரம் நின்று, கால் வீங்கிய ஒருத்தி பதினோரு நாள் லீவு எடுத்திருப்பாள் என்று கணக்கு சொன்னது. அவள் எடுத்தது இரண்டு.

ஒன்பது நாள். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் போதும். மற்ற பெண்கள் எல்லாரும் வீங்கிய காலோடு வீட்டில் படுத்த அந்த நாட்களில் இவள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமானால் முடியவில்லை என்று ஒருநாளாவது வீட்டில் இருந்திருப்பாளோ என்னவோ. நான்தான் சரியாக ஒன்பதே முக்காலுக்கு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேனே. இதைக் கணக்கு சொல்லவில்லை. ஒரு ஆளை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்று எனக்கு நன்றாகப் புரியவைத்துவிட்டார்கள். நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

வாய்மொழித் தேர்வு அன்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போய், சிமெண்டுத் தரையில் வழுக்கி, விழாமல் சமாளித்தேன். கேள்விகளுக்கும் அப்படியே. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பெரியவர், தன்மையானவர். நான் நடுநடுவே விட்ட ஜோக்குகளுக்கு மரியாதைக்குச் சிரித்தார். கடைசியில் அந்தப் படம் திரையில் வந்தது. எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இந்த ஒரு புள்ளி மட்டும் இவ்வளவு விலகி நிக்குதே. பதிவுப் பிழையா?"

என் நெறியாளர் முன்வரிசையிலிருந்து லேசாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல், விஷயம் முடிந்துவிடும் என்று அர்த்தம். பிழை என்றால் நீக்கிவிட்டு ஓடவிடச் சொல்வார்கள். அரை மணி நேர வேலை.

"இல்ல சார்," என்றேன். "சரிபார்த்துட்டேன். ரெண்டு நாள்தான்."

"கால் வீக்கம் இருக்குன்னு பதிவாகியிருக்கு. அப்புறம் ஏன் ரெண்டே நாள் லீவு?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்ல சார்."

"நேர்லதானே எழுதியிருக்கீங்க? வாயால கேட்டிருக்கலாமே?"

ஒரு ஜோக் வரும் என்று நெறியாளர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நானும் வரும் என்றுதான் காத்திருந்தேன்.

"கேட்டிருக்கலாம் சார்," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதாவது புரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. "நீக்க வேண்டாம், இருக்கட்டும். ஒரு அடிக்குறிப்பு மட்டும் போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடிக்குறிப்பு எழுத நான்கு நாள் ஆயிற்று. முதலில் ஒரு பக்கம் வந்தது. அடிக்குறிப்பு அடியில் நிற்காமல் தலைக்கு மேல் போய்விட்டது. பிறகு பாதிப் பக்கம். பிறகு ஆறு வரி. அதில் வண்டி வந்தது, ஸ்டூல் வந்தது, குழி விழுந்த கணுக்கால் வந்தது. மிஸ் படித்துவிட்டு, "இது ஆய்வுல நிக்காது சார்," என்றாள். நியாயம்தான். ஒவ்வொன்றாக எடுத்தேன். மிஞ்சியதை அச்சுக்குக் கொடுத்தேன்: 'படிவம் எண் 1: பதிவு சரிபார்க்கப்பட்டது, நீக்கப்படவில்லை.'